பால் பாக்கெட்டுக்கு மஞ்சள் பூசிய நாள்

கொரோனா ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். மத்தியானம் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தை இரண்டாவது வாயிலேயே கையை நிறுத்திவிட்டார். "ஏம்மா, ரசத்துல என்ன போட்ட?" வழக்கம்போல மிளகு, சீரகம், பூண்டு, இறக்கும்போது கொத்தமல்லித் தழை. சொன்னேன். "பாத்திரம் வெளக்குற சோப்பு வாசம்ல வருது" என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. காலையில் வாங்கிய கொத்தமல்லிக் கட்டை சோப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப்போட்டிருந்தேன். நாலு தண்ணீர் மாற்றி அலசினேன்தான். ஆனால் தழை சோப்பைக் குடித்துவிட்டால் நாலு தண்ணீருக்கெல்லாம் போகாது. அத்தனை ரசத்தையும் சிங்க்கில் கொட்டினேன். கொட்டும்போது நுரை வந்தது.

அந்த வருஷம் இப்படிப் பல கூத்துகள் செய்தேன். எல்லாமே கூத்து இல்லை, சிலது நன்றாகவே பயன்பட்டது. எது எந்தக் கணக்கில் சேரும் என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது.

நாங்கள் இருப்பது விருகம்பாக்கத்தில், மூன்று மாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. வீட்டுக்காரர், நான், அப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் காத்திருந்த மகள், 74 வயது அத்தை. அத்தைக்குச் சர்க்கரை இருபது வருஷப் பழக்கம், இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வேறு. வீட்டில் இருந்த பயம் எல்லாம் அவரைச் சுற்றித்தான்.

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 போட்டார்கள். அன்று ராத்திரியே நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் அந்த ஆய்வு வெளியாகியிருந்தது. கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் 72 மணி நேரம் வரை தங்குகிறது, அட்டையில் 24 மணி நேரம், செம்பில் 4 மணி நேரம் என்று. வாட்ஸப்பில் கை மாறி மாறி வந்ததில் எங்கள் சொந்தக்காரர்கள் குழுவுக்கு வந்து சேரும்போது 72 மணி நேரம் ஒன்பது நாளாக வளர்ந்திருந்தது. செம்பில் சீக்கிரம் செத்துவிடுகிறது என்று மகள் படித்துக் காட்டியதும் அத்தை பரணிலிருந்து செம்புக் குடத்தை இறக்கச் சொன்னார். புளி போட்டுத் தேய்த்த வேலை எனக்கு.

எங்கள் மாதிரி வீட்டில் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் இல்லாத இடம் எது? தட்டு, தம்ளர், குடம், பக்கெட், பால் பாக்கெட், மாவு பாக்கெட். சட்டம் போட ஆரம்பித்தேன். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வெளியிலிருந்து எது வந்தாலும் முதலில் அதில்தான் உட்கார வேண்டும். பால் பாக்கெட்டைச் சோப்பு போட்டுக் கழுவி, நிமிர்த்தி வைத்து, காய்ந்த பிறகுதான் ஃபிரிட்ஜ். 25 கிலோ அரிசி மூட்டை பால்கனியில் மூன்று நாள் காவல். அத்தைக்குப் பேப்பர் படிக்காமல் பொழுது விடியாது. ஆகவே வீட்டுக்காரர் தினமும் காலையில் பேப்பருக்கு இஸ்திரி போட்டார். மொறமொறவென்று அப்பளம் மாதிரி வரும். "செய்தி சூடா இருக்கு" என்பார் அத்தை. நாலாம் நாள் பெட்டி கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டது. ராசிபலன் பக்கம் கருகிப்போனதும் அந்தத் திட்டம் முடிந்தது.

இவ்வளவு செய்தும் எனக்குள் ஒரு சந்தேகம். பாக்கெட்டைக் கழுவுகிறேன், சரி. கழுவுவதற்கு முன்னால் அதைத் தொட்ட கை எங்கெல்லாம் போகிறது?

பரீட்சை தள்ளிப்போய்ச் சும்மா இருந்த மகள்தான் வழி சொன்னாள். ஒரு நாள் காலை எனக்கு முன்னால் எழுந்து, நாற்காலியில் இருந்த இரண்டு பால் பாக்கெட்டிலும் மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசிவிட்டாள். "அம்மா, நீ தினமும் செய்யற மாதிரியே செய். கூட ஒண்ணும் வேணாம், குறைய ஒண்ணும் வேணாம்" என்றாள். நானும் செய்தேன். அரை மணி நேரம் கழித்து டார்ச் அடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தோம்.

கதவுத் தாழ்ப்பாளில் மஞ்சள். சமையலறை சுவிட்சில் மஞ்சள். குழாய்த் திருகில் பளிச்சென்று. சிங்க்கில் பாக்கெட்டைச் சுத்தமாகக் கழுவியிருந்தேன், அதில் ஒரு பொட்டு இல்லை. ஃபிரிட்ஜ் கைப்பிடியில் இருந்தது. கை கழுவிய பிறகுதானே ஃபிரிட்ஜைத் திறந்தேன் என்று வாதாடினேன். மகள் குழாயைக் காட்டினாள். அழுக்குக் கையால் குழாயைத் திறக்கிறோம், கை கழுவுகிறோம், கழுவிய கையால் அதே குழாயை மூடுகிறோம். நாற்பது வருஷமாகக் கை கழுவிவருகிறேன், இது மண்டையில் உறைத்ததே இல்லை. நைட்டியின் இடுப்புப் பக்கம் இரண்டு தீற்றல், கை துடைத்த இடம். செல்போனில் மூன்று விரல் தடம். கடைசியாக அவள் என் முகத்துக்கு நேரே டார்ச்சைத் திருப்பினாள். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு கோடு.

மூக்கைத் தொட்ட ஞாபகமே எனக்கு இல்லை. அதுதான் விஷயம். ஆஸ்திரேலியாவில் 26 மருத்துவ மாணவர்களை வீடியோ எடுத்து எண்ணிப் பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 23 முறை முகத்தைத் தொடுகிறார், அதில் கிட்டத்தட்டப் பாதி கண், மூக்கு, வாய். கிருமியைப் பற்றிப் படிக்கிறவர்களே அப்படி என்றால் நான் எம்மாத்திரம். வைரஸ் கைத்தோல் வழியாக உள்ளே இறங்குவதில்லை. கை அதற்கு ஒரு ஷேர் ஆட்டோ. மூக்கு, கண், வாய் இருக்கிற இடத்தில் இறக்கிவிட்டால்தான் அதற்குப் பிழைப்பு.

மஞ்சள் இன்னொரு உதவியும் செய்தது. ஆரத்தி கரைத்தவர்களுக்குத் தெரியும், மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். சோப்புக்கட்டியிலும் காரம் இருப்பதால் அதேதான் நடக்கும். மஞ்சள் ஒட்டிய கையில் சோப்பு தேய்த்ததும் சோப்பு பட்ட இடமெல்லாம் செங்கல் நிறத்துக்கு மாறியது, படாத இடம் மஞ்சளாகவே நின்றது. என் கையில் எங்கே நின்றது தெரியுமா? இரண்டு கட்டைவிரலையும் சுற்றி, நகக்கண்ணில், மோதிரத்துக்கு அடியில், வலது கை விரல் நுனிகளில். சாப்பிடுகிற விரல் நுனிகள். உள்ளங்கையை மட்டும் இருபது வருஷத்துக்குத் தேவையான அளவு தேய்த்திருக்கிறேன்.

அன்றைக்கே சட்டங்களை மாற்றினோம். மோதிரத்தைக் கழற்றி சாமி ரூமில் வைத்தேன். குழாயை மூடுவதற்கு முன் திருகுக்கும் கொஞ்சம் சோப்பு நுரை. இல்லையென்றால் பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீரை மக்கால் ஒருவர் ஊற்ற இன்னொருவர் கழுவுவது. கல்யாண வீட்டுப் பந்தியில் கை கழுவ ஊற்றுவார்களே, அந்த மாதிரி. ஆளுக்கொரு துண்டு, நைட்டியில் துடைக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் சோப்புக்கு 40 முதல் 60 விநாடி சொல்கிறது. எண்ணிக்கொண்டு நிற்க அத்தைக்குப் பொறுமை இல்லை, கந்த சஷ்டி கவசத்தில் ஒரு பகுதியைச் சொல்லிக்கொண்டே தேய்ப்பார். சோப்பு ஏன் இவ்வளவு பெரிய ஆள் என்றால், இந்த வைரஸுக்கு வெளிப்போர்வை கொழுப்பு. எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு உடைப்பதுபோல அந்தப் போர்வையையும் கிழித்துவிடும். வாசனைச் சோப்பு, துணிச் சோப்பு எதுவானாலும் சரி. சானிடைசர் 200 மில்லிக்கு நூறு ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு மார்ச்சிலேயே விலை கட்டியும் எங்கள் தெருவில் அது கிடைக்கவே இல்லை. கிடைத்தபிறகும் வெளியே போகும்போது மட்டும்தான். சானிடைசர் ஈரம் காயாத கையோடு அடுப்புப் பற்றவைக்கப் போனால் ஆபத்து, அதில் பாதிக்கு மேல் எரிசாராயம்.

எச்சில் விவகாரம் தனிக்கதை. நம் ஊரில் எச்சிலுக்கு எவ்வளவு கட்டுப்பாடு! தம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கப் பழக்குகிறோம். கடித்த பண்டத்தைப் பிள்ளைக்குக் கொடுத்தால்கூட அத்தை முகம் சுளிப்பார். முடி வெட்டிக்கொண்டு வந்தாலும், சாவு வீட்டுக்குப் போய் வந்தாலும் நேரே குளியலறைக்குத்தான் போக வேண்டும், நடுவில் எதையும் தொடக் கூடாது. இவ்வளவும் தெரிந்த அதே அத்தை, குடும்ப ஓய்வூதியப் பணத்தை எண்ணும்போது மூன்று நோட்டுக்கு ஒரு தரம் நாக்கில் விரலை வைப்பார். கவனிக்க ஆரம்பித்தபின் ஊரே அப்படித்தான் என்று தெரிந்தது. மளிகைக்கடை அண்ணன் பையைப் பிரிக்க விரலை நக்குகிறார். மருந்துக்கடையில் ரசீதைக் கிழிக்க நாக்கு. நான் பழைய கணக்குப் பேரேட்டைப் புரட்டும்போதும் அதே. பொருளைச் சோப்பு போட்டுக் கழுவுகிறோம், அதைத் தொட்ட விரலை நாமே கொண்டுபோய் வாயில் வைக்கிறோம்.

வங்கிக் காசாளர் மேசையில் தண்ணீரில் ஊறிய ஸ்பாஞ்ச் ஒன்று இருக்குமே, அதேபோல் தேங்காய் எண்ணெய் டப்பா மூடியில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டை நனைத்து அத்தை முன்னால் வைத்தேன். "என் நாக்குக்குப் பதிலா இதா?" என்று ஒரு வாரம் கோபம். நோட்டுக்கு வேறு எதுவும் செய்யவில்லை. இஸ்திரி போட்டு ஐந்நூறு ரூபாயைச் சுருள வைத்த அனுபவம் மேல்மாடியில் நடந்தது. நாங்கள் வந்த நோட்டை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு வேறு டப்பாவிலிருந்து செலவு செய்தோம், சில்லறையைச் சோப்புத் தண்ணீரில் போட்டோம். அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் ஏடிஎம்முக்குப் போகும்போது பொத்தான் அமுக்க விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சி ஒடித்துக்கொண்டு போவார். புத்திசாலித்தனம் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நாள் திரும்பி வந்து படியேறும்போது பார்க்கிறேன், அதே குச்சியால் பல் குத்திக்கொண்டு வருகிறார்.

இனிச் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை. ஏப்ரல் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளியலறையைக் 'கிருமி இல்லாமல்' ஆக்குகிறேன் என்று வீட்டுக்காரர் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தரையில் ஊற்றினார். போதாது என்று தோன்றியிருக்கிறது. கறை போக்க வைத்திருந்த பாத்ரூம் ஆசிட் பாட்டிலையும் அதன்மேல் கவிழ்த்தார். சமையலறையில் இருந்த எனக்கே தொண்டையைப் பிடித்து இழுத்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். அத்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு நாலு பேரும் மொட்டைமாடிக்கு ஓடினோம். நாலு பேர் ஒன்றாக இருமிக்கொண்டு படியேறுவதைப் பார்த்து எதிர்வீட்டுக் கதவு படாரென்று மூடியது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்தக் காலம் அப்படி.

பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில் ஆளைக் கொல்ல விட்ட அதே வாயு. கழிப்பறை கழுவும் நீலப் பாட்டிலிலும் பெரும்பாலும் அமிலம்தான், அதையும் சேர்க்கக் கூடாது. அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் ஆகாது. பிளீச்சிங் பவுடருக்குத் தண்ணீரைத் தவிர வேறு கூட்டாளி வேண்டாம்.

அளவும் அப்போதுதான் தெரிந்துகொண்டோம். நல்ல பவுடரில் குளோரின் சத்து ஏறக்குறைய 30 சதவீதம். தாழ்ப்பாள், சுவிட்ச் தகடு, கைப்பிடி மாதிரி இடங்களைத் துடைக்க 0.1 சதவீதக் கரைசலே போதும். அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று கிராம் சொச்சம், எங்கள் வீட்டு டீஸ்பூனில் தலைதட்டி ஒன்று. முதலில் சோப்புத் துணியால் அழுக்கைத் துடைத்துவிட வேண்டும், அழுக்கு இருந்தால் குளோரின் அதோடு மல்லுக்கட்டியே வீணாகிவிடும். பிறகு கரைசலில் நனைத்த துணியால் துடைத்துப் பத்து நிமிடம் விட்டு, வெறும் தண்ணீரால் இன்னொரு தரம். சுவிட்ச் என்றால் மெயினை அணைத்துவிட்டு, துணியை நன்றாகப் பிழிந்துகொண்டு. அன்றன்று கரைத்தது அன்றன்றைக்கு, வைத்தால் வீரியம் போய்விடும். தெருவில் பீய்ச்சியடித்த வண்டிகளும், ஆள் நடுவில் நடந்து போகிற மருந்துச் சுரங்கப்பாதைகளும் அந்த மாதம் பெரிய வேடிக்கை. ஆள்மேல் அடிப்பதால் பயன் இல்லை, தீங்குதான் என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் எங்கள் வாசலிலும் தெளித்தோம், அத்தையின் மனத்திருப்திக்கு. பிளீச்சிங் மாதிரி அது யாருக்கும் இருமலைக் கிளப்பவில்லை, அவ்வளவுதான்.

காய்கறிக்கு வருகிறேன். ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், முந்தின நாள் சனிக்கிழமை ஊரே கடைத்தெருவில் நின்றது. நானும் நின்றேன். இரண்டு கையிலும் உறை, தலையில் துணி, முகத்தில் இரட்டை மாஸ்க். முன்னாலும் பின்னாலும் ஆள் இடிக்க முக்கால் மணி நேரம் நின்று வாங்கிய முருங்கைக்காயை வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகக் கழுவினேன். நின்றதைப் பற்றி யோசிக்கவே இல்லை. அந்த வாரத்திலிருந்து கோயம்பேடு மார்க்கெட்டில் தொற்று பரவுகிற செய்திகள் வரத் தொடங்கின. மே 5-ஆம் தேதி மார்க்கெட்டை மூடினார்கள், மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. கோயம்பேடு எங்களுக்குக் கூப்பிடு தூரம். "காய் மூலமா பரவுதாம்" என்று தெருவெல்லாம் பேச்சு. அங்கே ஒருவர்மேல் ஒருவர் உரசிக்கொண்டு, கத்தி விலை பேசி, மூட்டை இறக்கிய ஆயிரக்கணக்கான மனிதர்களை விட்டுவிட்டுக் கத்தரிக்காயைப் பிடித்துக்கொண்டோம்.

சோப்பு ரசத்துக்குப் பிறகு காய்க்கு வெறும் தண்ணீர்தான். குழாயடியில் கையால் தேய்த்து அலசுவது, கீரையை மூன்று தண்ணீரில் மூழ்கவிட்டு எடுப்பது. மண்ணுக்கும் மருந்துக்கும் எப்போதும் செய்ய வேண்டியதுதான் அது. மஞ்சப்பையைத் துவைத்து மொட்டைமாடிக் கொடியில் போடுவோம். சென்னை மே மாத வெயில் சும்மா இல்லை. நேர் வெயிலில் இந்த வைரஸின் பெரும்பகுதி சில நிமிடங்களில் செயலிழப்பதை அந்த வருஷமே ஆய்வகத்தில் காட்டினார்கள்.

ஜூன் 9-ஆம் தேதி பத்தாம் வகுப்புப் பரீட்சையை ரத்து செய்தார்கள். வீட்டில் பாயசம். அடுத்த வாரம் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல்.

எங்கள் குடியிருப்பின் கீழே ஒரு வேப்பமரமும், அதை ஒட்டி வண்டி நிறுத்தும் இடமும் உண்டு. மேலே கூரை, மூன்று பக்கம் சுவர். சாயங்காலமானால் நாலு ஆண்கள் அங்கே கூடுவார்கள். எல்லாரிடமும் மாஸ்க் இருக்கும், தாடைக்குக் கீழே. ஒருவர் ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவருவார். தம்ளரை ஆளாளுக்கு வீட்டிலிருந்து கொண்டுபோவார்கள், அதில் சுத்தம். அரை மணி, முக்கால் மணி அரசியல். மேலே வந்ததும் வீட்டுக்காரர் ஒரு நிமிடம் எண்ணிக் கை கழுவுவார், நான் மெச்சிக்கொள்வேன். அந்த நால்வரில் மூன்று பேருக்கு ஐந்து நாளுக்குள் காய்ச்சல் வந்தது. தெருமுனைக் காய்ச்சல் முகாமில் பரிசோதனை எடுத்தோம். அவருக்கு உறுதி, எனக்கும் உறுதி. அத்தைக்கும் மகளுக்கும் இல்லை.

எங்கிருந்து வந்தது என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது. ஆனால் என் வீட்டுப் பாக்கெட்டுகள் எப்படிக் குளித்தன என்று எனக்குத் தெரியும். அவருக்கு அங்கேதான் ஒட்டியிருக்க வேண்டும். எனக்கு அவரிடமிருந்து, கதவு மூடிய ஏசி அறையில் இரண்டு ராத்திரி. அத்தைக்கு ஏசி ஆகாது. ஹாலில் பால்கனிக் கதவைத் திறந்துபோட்டு, கொசுவலைக்குள் மகளோடு படுப்பார். அதனால்தான் தப்பித்தார்கள் என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஏசியை மட்டும் அன்றைக்கே அணைத்தோம்.

அடுத்த 14 நாள் யாரும் போகாமல் வராமல் வாசலில் தகரம் அடித்திருந்தார்கள். காய்கறி, மருந்து எல்லாம் அந்த நாற்காலிக்கு வந்தது. நாங்கள் இருவரும் ஒரு அறை, ஒரு குளியலறை. ஜன்னல் இரண்டும் திறந்தே கிடக்கும். மகள்தான் சமையல். சாப்பாட்டை அறை வாசலில் ஸ்டூலில் வைத்துவிட்டு, மாஸ்க்கோடு விலகிப்போய்க் குரல் கொடுப்பாள். தட்டை நாங்களே கழுவினோம், துணியை நாங்களே சோப்பில் ஊறவைத்துத் துவைத்தோம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டுகிற ஆக்ஸிமீட்டரில் 95-க்குக் கீழே போனால் உடனே கூப்பிடச் சொல்லியிருந்தார்கள், 96-க்குக் கீழே போகவில்லை. வெளியே தாழ்ப்பாளையும் ஸ்டூலையும் மகள் இரண்டு வேளை துடைத்தாள், யார் சொல்லியும் இல்லை. நோயாளி இருக்கிற வீட்டில் துடைப்பதற்கு அர்த்தம் உண்டு. தும்மியவர் கை அரை மணிக்கு முன்னால்தான் அங்கே பட்டிருக்கும். மூன்று நாள் லாரியில் வந்த அரிசி மூட்டையும் அதுவும் ஒன்றாகாது.

அந்த வித்தியாசத்தை ஆராய்ச்சியாளர்களும் ஜூலையில் எழுத ஆரம்பித்திருந்தார்கள். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியலாளர் இமானுவல் கோல்ட்மேன், பரப்புகளின் வழியாகப் பரவும் அபாயம் மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று லான்செட் என்ற மருத்துவ இதழின் குடும்பத்து இதழ் ஒன்றில் எழுதினார். ஆய்வகத்தில் தடவிய வைரஸின் அளவு, ஒருவர் இருமலில் நிஜமாக விழுவதைவிடப் பல மடங்கு என்பது அவர் வாதம். பழைய 72 மணி நேர ஆய்வையும் மகள் எடுத்துப் படித்தாள். 21 முதல் 23 டிகிரி குளிர்ந்த அறையில் செய்தது. பிளாஸ்டிக்கில்கூட ஏழு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடுகிறது, பிறகு அதிலும் பாதி. 72-ஆம் மணியில் இருந்தது வாலின் நுனி. எங்கள் பால்கனியில் ஏப்ரலில் 35 டிகிரிக்குக் குறைந்த பகல் ஏது? 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், கிருமி பட்ட பரப்பைத் தொட்டால் தொற்றுகிற வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொன்னது. பூஜ்ஜியம் என்று சொல்லவில்லை.

அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது உண்மை. ஒரு வருஷம் பாக்கெட் கழுவிய கை. தோல் உரிந்து, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிப் படுத்த கை. அந்த நேரத்தில் பாதியை, "கீழே போனா மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்துங்க" என்று சண்டை போடச் செலவழித்திருக்கலாம். கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020-இல் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு தரம்கூட வயிற்றுப்போக்கு வரவில்லை. மகளுக்கு வருஷா வருஷம் வரும் கண்வலி வரவில்லை. கொரோனா எங்கள் குழாயடியை எட்டிப் பார்த்ததோ இல்லையோ, மற்றதெல்லாம் அங்கே நன்றாகவே மாட்டியிருக்கிறது.

பாக்கெட்டைச் சோப்பால் கழுவுவதை விட்டுவிட்டோம், வெறும் தண்ணீரில் ஒரு அலசு. அரிசி மூட்டை வந்த அன்றைக்கே டிரம்முக்குள் போகிறது. வெளியே போய் வந்ததும் சோப்பு போட்டுக் கை, கட்டைவிரல் சேர்த்து. செல்போனை வாரத்தில் இரண்டு நாள் அணைத்துவிட்டு, எரிசாராயம் தொட்ட துணியால் துடைக்கிறேன். போனைச் சமையலறைக்குள் கொண்டுபோவதில்லை என்பது மட்டும் இன்னும் என்னால் முடியவில்லை. யாராவது இருமினால் முதலில் ஜன்னலைத் திறக்கிறோம். நாற்காலி வாசலிலேயே கிடக்கிறது. கூரியர் பையன்கள் பழகிவிட்டார்கள், பெல்லை அடித்துவிட்டு அதில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஃபிரிட்ஜ் கைப்பிடியின் உள்பக்கத்தில் அந்த மஞ்சள் கறை மங்கலாக இருக்கிறது, தேய்த்தும் போகவில்லை.

போன மாதம் ஒன்றாம் தேதி அத்தை கட்டிலில் உட்கார்ந்து ஓய்வூதியப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். விரல் பாதி தூரம் வாய்க்குப் போனது, நின்றது, மூடியைத் தேடியது. ஸ்பாஞ்ச் காய்ந்து கருவாடாகக் கிடந்தது.

"ஏம்மா, இதுல தண்ணி வத்திப்போச்சு பாரு. நனைச்சுக் கொண்டா, கணக்கு விட்டுப்போகுது."